கால் இல்லாத காலணிக் கடை

அந்த வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குக் கண் தெரியாமல் போனது, இணையதளத்தையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டால். முதலில் மாமியார். கண்ணில் புரை எடுத்து, மேலே ஒரு மூடியை ஒட்டி, புதுக் கண்ணாடி வரும்வரை டிவி, போன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்தது மருமகளின் இணையதளம். திறந்தால் வெள்ளை. எழுத்து கிடையாது, படம் கிடையாது, என்ன கோளாறு என்று சொல்லக்கூட நாதி கிடையாது. சும்மா வெள்ளையாக நின்றுகொண்டு அவளையே முறைத்துப் பார்த்தது.

மருமகள் செருப்பு தைப்பவள். பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவள் ஜோடியக்கா. மற்ற கடைகளில் ஜோடி என்றால் ஒரே அளவில் இரண்டு செருப்பு. அவளிடம் ஜோடி என்றால் ஒரே ஆளின் இரண்டு கால், அவ்வளவுதான். இடது சின்னதாக இருக்கும், வலது வீங்கியிருக்கும், ஒன்றில் விரல் குறையும், ஒன்று அரை அங்குலம் குட்டை. இருக்கிற காலுக்குத்தானே செருப்பு, இல்லாத காலுக்கு எப்படித் தைப்பது என்பாள். மாமியார் வீட்டு முன்னறைதான் அவள் பட்டறை. சுவர் முழுக்க மரக்கட்டைப் பாதங்கள் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் மிரண்டு போவார்கள்.

வெள்ளைப் பக்கம் வந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். நாத்தனாரின் கணவர். ஆன்லைனில் செருப்பு, ஷூ விற்கும் பெரிய கிடங்கு அவருடையது. கெட்டவர் இல்லை, ஆனால் உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் தீர்வு தன் கிடங்குதான் என்று உண்மையாகவே நம்புகிறவர். மாமியாரோ, மாப்பிள்ளை தும்மினால்கூட அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நினைப்பவர்.

"தங்கச்சி, உன் கைவேலைக்கு நான் ஒரு கும்பிடு போடறேன்," என்றார் பழப்பையை மாமியார் பக்கத்தில் வைத்துவிட்டு. "ஆனா யாருக்குத் தெரியுது? பேசாம எனக்குத் தைச்சுக் குடு. என் பேர்ல போகட்டும். ஒரே விஷயம்தான், ரெண்டு காலுக்கும் ஒரே அளவு. எங்க ஆர்டர் பக்கத்துல அளவுக்கு ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல ரெண்டு எண் போட முடியாது."

"அப்ப ரெண்டு கால் ரெண்டு அளவா இருக்கறவங்க எங்க போவாங்க அண்ணா?"

"அது எத்தனை பேரு? உன் இணையதளத்துக்கு வந்து நிக்கறவங்களைப் பாத்தாலே தெரியுதே," என்று வெள்ளைத் திரையைக் காட்டிச் சிரித்தார். "சரி, நான் அநியாயக்காரன் இல்ல. நமக்கு முன்னபின்ன தெரியாத ஒரே ஒரு ஆள், உன் தளம் வழியா வந்து செருப்பு வாங்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா, அத்தைக்குக் கண்ணாடி வர்ற அன்னிக்கு என் மெஷினை இந்த ரூம்ல இறக்கிடலாம். என்ன அத்தை?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை," என்றார் மாமியார், ஒரு கண்ணால் கூரையைப் பார்த்தபடி. அறை அவருடையது. வார்த்தையும் கொடுத்தாகிவிட்டது.

ஜோடியக்கா ஊசியைக் கீழே வைத்தாள். சுவரில் தொங்கிய கட்டைகளைப் பார்த்தாள். ஒன்றுகூட மற்றதைப் போல இல்லை. ஒரே எண்ணில் தைப்பதென்றால் அத்தனையையும் அடுப்பில்தான் வைக்க வேண்டும்.

அந்த இணையதளம் அவளே கட்டியது. யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்து, ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் மவுஸுமாகக் கட்டியது. அதனால் அதற்கு நோய் வந்தால் வைத்தியமும் அவளேதான். செருப்பு எங்கோ குத்துகிறது என்று யாராவது வந்தால், அவள் பேச்சுக் கொடுக்க மாட்டாள். உள்ளே விரலை விட்டு, ஒவ்வொரு ஆணியாகத் தடவிக்கொண்டே போவாள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. இதற்கும் அதையே செய்தாள். வெள்ளையாவதற்கு முன் கடைசியாக என்ன செய்தோம் என்று யோசித்தாள். தளத்தில் சேர்த்திருந்த துணைக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் புதுப்பித்திருந்தாள். எல்லாவற்றையும் நிறுத்தினாள். பக்கம் உயிரோடு வந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். படங்களை ஆடவைத்துக் காட்டும் கருவியைத் தொட்டதும் மறுபடி வெள்ளை. அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"வந்துடுச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில், பஸ் ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் முகத்துச் சோப்போடு ஓடிவந்தான்.

"யாரு வந்தா?"

"சைட்டு!"

"நான் ஆள்னு நினைச்சேன்," என்று அவன் கண் எரிய எரியத் திரும்பிப் போனான்.

அன்றே தளம் முழுவதையும் ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்தினாள். சூடு பட்ட கை. அதன் பிறகு தினமும் ஒரு கோளாறைப் பிடித்தாள், பிடித்த கையோடு நகலையும் புதுப்பித்தாள். தளத்துக்குள் நுழைகிறவர்களிடம் "இது பாதுகாப்பானது அல்ல" என்று மிரட்டிக்கொண்டிருந்த எச்சரிக்கை, காலாவதியான ஒரு சான்றிதழால் வந்தது. புதுப்பித்ததும் வாயை மூடிக்கொண்டது. செருப்புப் படங்கள் ஆளாளுக்கு யானை கனம். கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்ததால், யாருக்கும் எந்தப் படமும் திறக்காமல் வெறும் எழுத்து மட்டுமே தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் இளைக்க வைத்தாள். அமுக்கினால் "பக்கம் காணவில்லை" என்று கையை விரிக்கிற இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரியான பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினாள். இடுப்பு ஒடிந்தது. ஆனால் ஒவ்வொன்று முடியும்போதும் நூலை ஊசியில் இருந்து கடித்துத் துண்டிக்கிற அந்தச் சின்னச் சுகம் கிடைத்தது.

அப்புறம் கடிதப் பெட்டி. தளத்தில் இருந்து வருகிற விசாரணைகள் எல்லாம் குப்பை மின்னஞ்சல் பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்து, கணவன் போனில் திறந்தாள். நிறைய வந்திருந்தன! முன்பின் தெரியாதவர்கள்! முதலாவதைப் படித்தாள்.

"வணக்கம், பரதம் வகுப்பு எந்த நாட்களில்?"

அடுத்தது: "பரதம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்." அதற்கடுத்ததும் பரதம். ஒருத்தர் சலங்கை நீங்களே தருவீர்களா என்று கேட்டிருந்தார். வேறு எந்த நாட்டியப் பள்ளிக்கோ போக வேண்டியது முகவரி மாறி வந்து கொட்டியிருக்கிறது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆசை காட்டி மோசம் செய்த மாதிரி. முதல் வரியில் பரதம் என்று கண்டதை எல்லாம், மேற்கொண்டு படிக்காமல் வரிசையாக அழித்தாள்.

கோளாறெல்லாம் சரியாகிவிட்டது. தளம் கண்ணாடி மாதிரி ஓடியது. ஆனால் ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை.

இதில் பெரிய மர்மம் ஒன்று இருந்தது. பட்டறைக் கம்ப்யூட்டரில் "காலணி" என்று தட்டித் தேடினால், அவள் தளம் முதலில் வந்து பல்லைக் காட்டும். கணவனின் போனில் தேடினால் உலகத்தில் உள்ள அத்தனை செருப்புக் கடையும் வரும், அவளுடையது மட்டும் வராது. தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டியில், அவன் போனில் இருந்து "காலணி" என்று போட்டால், "மன்னிக்கவும், அப்படி ஒன்றும் இங்கே இல்லை" என்று சொன்னது.

"காலணிக் கடையில காலணி இல்லையாம்," என்றான் கணவன். "போர்டு மாத்தாம பஸ்ஸை எடுத்த மாதிரி இருக்கு. வண்டி நல்லா ஓடுது. நம்ம ஊர் ஆளு மட்டும் ஏற மாட்டேங்கறான்."

"உங்களுக்குப் பஸ்ஸை விட்டா வேற பேச்சே கிடையாதா?" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அவன் சொன்னதுதான் சரி என்பது அப்போது அவனுக்கே தெரியாது.

மாப்பிள்ளை நடுவில் போன் செய்து, மெஷின் வைக்க அறையின் நீள அகலம் கேட்டார். மாமியாருக்குக் கண்ணாடி தயாராகிக்கொண்டிருந்தது. ஜோடியக்காவுக்கு அழுகை முட்டியது. ஒளிந்து அழ முன்னறையை விட்டால் இடமும் இல்லை. அங்கே மாமியார் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

மாமியாருக்கோ பொழுது போகவில்லை. பார்க்கத்தான் தடை, கேட்கத் தடையில்லை என்று அவரே ஒரு சட்டம் கண்டுபிடித்து, போனைச் செய்தி வாசிக்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தைக் கொடுத்தால் அது ஒரு பெண் குரலில், உப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல், கடகடவென்று வாசிக்கும். உலகச் செய்தி தீர்ந்தது, ராசிபலன் தீர்ந்தது, மருந்துச் சீட்டின் மறுபக்கம்கூடத் தீர்ந்தது.

"ஏம்மா, அப்படி என்னதான் எழுதி வச்சிருக்க உன் தளத்துல? அதைப் போட்டு விடு, கேக்கறேன்," என்றார் ஒரு மத்தியானம்.

ஜோடியக்கா போட்டுவிட்டுத் தோலைச் சீவ உட்கார்ந்தாள். போன் வாசிக்க ஆரம்பித்தது.

"ஜேரடியக்கர கரலணிகள். இரண்டு கரலும் இரண்டு அளவர? கவலை வேண்டரம்."

மாமியார் தலையணையில் இருந்து எழுந்தார். "யாரும்மா இந்த ஜேரடியக்கர? ஏதோ படையெடுத்து வந்தவ பேரு மாதிரி இருக்கு."

"போனுக்குச் சளி பிடிச்சிருக்கும் அத்தை."

"நல்ல தேரல். உறுதியரன வரர்," என்றது போன், மானம் ஈனம் எதுவும் இல்லாமல். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய், தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது: "பரதம். வீட்டில் இருந்தபடியே. எந்த வயதினருக்கும்."

"அடிப்பாவி, நீ எப்போ பரதம் கத்துக்கிட்ட?" என்றார் மாமியார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எனக்கே சின்ன வயசுல ஆசை உண்டு."

ஜோடியக்காவின் கத்தி தோலில் நின்றது. பரதம். அவள் அங்கே எழுதியது பாதம். வீட்டில் இருந்தபடியே, காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, பாத அளவு எடுத்து அனுப்புவது எப்படி என்று விளக்கும் பக்கம் அது. பா. ப, அதன் பக்கத்தில் ஒரு துணைக்கால். கால்...

மெதுவாகத் திரும்பி விசைப்பலகையைப் பார்த்தாள். துணைக்காலுக்கு உரிய விசையின் மேல், மஞ்சளாக, கல்லாக, காய்ந்த பசை.

எல்லாம் ஞாபகம் வந்தது. தளம் கட்ட உட்கார்ந்த முதல் நாளே பசை டப்பா கவிழ்ந்தது. கால் விசை அமுங்கவே இல்லை. அதற்காக வேலையை நிறுத்துகிற ரகமா அவள்? ர இருக்கிறதே, பார்க்கக் காலைப் போலத்தானே இருக்கிறது என்று, காலுக்குப் பதில் ர-வைத் தட்டினாள். அவள் ஆசைப்பட்டு எடுத்து, தளத்துக்கும் பட்டறைக் கம்ப்யூட்டருக்கும் போட்டிருந்த வட்டவட்டமான எழுத்துருவில் ர-வுக்கு வாலே கிடையாது. திரையில் யார் பார்த்தாலும் கால்தான். விரலும் பழகிவிட்டது. பட்டறைக் கம்ப்யூட்டரில் தேடும்போதும் அதே விரல் அதே ர-வைத் தட்டியது. கரலணி என்று தேடினால் கரலணிக் கடை வராமல் வேறு எந்தக் கடை வரும்? உலகமோ காலணியைத் தேடிக்கொண்டிருந்தது.

"அத்தை," என்றாள். "என் கடையில கால் இல்ல."

விஷயத்தைச் சொன்னதும் மாமியார் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "செருப்புக் கடை... கால் இல்லாம..." என்று சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஜோடியக்கா ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையோடு.

பசையோடு பழகியவளுக்குப் பசையை எடுக்கவா தெரியாது? ஒரு துணியில் தின்னரை நனைத்து ஒற்றி ஒற்றி ஊறவிட்டு, ஊசி முனையால் ஓரம் கிளப்பி, விசையை விடுவித்தாள். டொக்கென்று மேலே எழும்பியது. அமுக்கினாள். திரையில் ஒரு கால் வந்து நின்றது. அதை அவள் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அவசரம் யாரை விட்டது? தளம் முழுவதிலும் இருக்கிற ர எல்லாவற்றையும் காலாக மாற்று என்று ஒரே உத்தரவாகக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்தது. நியாயமான ர-க்களும் சேர்ந்து காலாகிவிட்டன. இரண்டு என்பதில் நடுவில் கால் முளைத்தது. ஒட்டிக்கொள்ள எழுத்துக் கிடைக்காத கால்கள் ஆங்காங்கே புள்ளி வட்டங்களைப் பிடித்துக்கொண்டு தொங்கின. பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆனது.

"நான் கெட்டேன்," என்றாள். பிறகு நகல் எடுத்து வைத்தது நினைவுக்கு வந்தது. நெற்றியில் வேர்வையோடு அதை எடுத்துப் போட்டாள். தளம் பழைய கோலத்துக்கு, ஒரு சொட்டு சேதாரம் இல்லாமல் வந்து உட்கார்ந்தது.

கண் ஏமாற்றும் இடத்தில் கண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை. மாமியாரின் காதை நம்பினாள். போன் ஒவ்வொரு வரியாக வாசிக்கும், மாமியார் கேட்பார், தப்பு வந்ததும் "நில்லு!" என்று கத்துவார். மருமகள் திருத்துவாள். அடுத்த வரி. இப்படி மத்தியானம் மத்தியானமாக நடந்தது. மாமியாருக்கு வேலை சூடு பிடித்துவிட்டது. எழுத்தைத் திருத்தச் சொன்னால் கருத்தையும் திருத்தினார்.

"உயர்தர நவீனக் கைவண்ணமா? யாரும்மா கேட்டா இதெல்லாம்? கால் வலிக்காதுன்னு எழுது. செருப்பு வாங்கறவன் அதைத்தானே தேடுவான்?"

"சரிங்க அத்தை."

"நில்லு! ஜேரடி!"

"திருத்திட்டேன்."

"மறுபடி வாசிக்கச் சொல்லு. எனக்கு நம்பிக்கை இல்ல."

கடைசி நாள் போன் முதல் வரியில் இருந்து தொடங்கி, "ஜோடியக்கா காலணிகள். இரண்டு காலும் இரண்டு அளவா? கவலை வேண்டாம்" என்று ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனது. மாமியார் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. இருவரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். அந்த உப்புச் சப்பில்லாத குரல் அன்று ஜோடியக்காவுக்குக் கச்சேரியாகக் கேட்டது.

பக்கத்தின் பெயர் பரதத்தில் இருந்து பாதமாக மாறியதால் அதன் முகவரியும் மாறிவிட்டது. பழைய முகவரிக்கு வருகிறவர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாதே என்று, அங்கிருந்து புதிய பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி போட்டாள். போடும்போதுதான் உறைத்தது. பழைய முகவரிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்! பரதம் என்று தேடி, தேடல் பட்டியலில் வேறு எழுத்துருவில் பரதம் என்றே தெரிந்த தலைப்பை நம்பி, படம் திறக்காத பக்கத்துக்கு வந்து எழுதியவர்கள். அவர்கள் வழி தவறவில்லை. இவள் மாட்டிய போர்டைப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறார்கள். திட்டிக்கொண்டே அழித்தோமே என்று கூசியது. அழித்தவற்றை மீட்டெடுத்து, ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட உட்கார்ந்தாள். இம்முறை கடைசி வரிவரை படித்தாள்.

அதில் ஒரு பெண் எழுதியது இப்படி இருந்தது: "பரதம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பல் டாக்டர், நாள் முழுக்க நின்றபடி வேலை. இடது கால் சற்றுக் குட்டை, பாதமும் சின்னது. நடந்தாலே தரையில் இரண்டு விதமாகச் சத்தம் கேட்கும். எந்த வயதினருக்கும் என்று போட்டிருக்கிறீர்கள். எந்தக் காலுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

ஜோடியக்கா அதை இரண்டு முறை படித்தாள். தனக்காகவே பிறந்த வாடிக்கையாளர் கதவைத் தட்டியிருக்கிறார், அவள் குப்பையில் போட்டிருக்கிறாள். உடனே எழுதினாள்.

"அம்மா, மன்னிக்க வேண்டும். நான் பரதம் சொல்லித் தருபவள் இல்லை, பாதத்துக்குச் செருப்பு தைப்பவள். ஒரு கால் தவறிப்போய் இப்படி ஆகிவிட்டது. ஆனால் எந்தக் காலுக்கும் என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு நான் பொறுப்பில்லை. நடைக்கு நான் பொறுப்பு. தளத்தில் பாதம் பக்கத்தைப் பாருங்கள், இப்போது சரியாக இருக்கிறது."

மறுநாள் காலை, தளத்தின் ஆர்டர் பெட்டி முதன்முறையாகத் திறந்துகொண்டது. இடதுக்கு ஓர் அளவு, வலதுக்கு ஓர் அளவு, தாளில் வரைந்த இரண்டு பாதங்களின் படம். அளவுக்கென்று அவள் வைத்திருந்த இரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தன. கணவன் அன்று பஸ்ஸை எடுக்கத் தாமதமாகப் போனான்.

அந்தச் செருப்பை அவள் தைத்த மாதிரி எதையும் தைத்ததில்லை. குட்டைக் காலை உயர்த்தினால் கனம் கூடும், கனம் கூடினால் இழுத்து நடக்க வேண்டிவரும். தக்கை அட்டைகளை அடுக்கி, இழைத்து, நிறுத்துப் பார்த்து, மறுபடி இழைத்தாள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தோலின் தையலை ஏமாற்றி இறக்கினாள். கண்ணை ஏமாற்றும் வித்தைதான் அவளுக்கு நன்றாக வருமே.

மாமியாருக்குக் கண்ணாடி வந்த அன்று மாப்பிள்ளை மத்தியானமே வந்துவிட்டார், கையில் அளவு நாடாவோடு. முன்னறைச் சுவரை அளக்கப் போனவரை மருமகள் தடுத்தாள்.

"ஒரு நிமிஷம் அண்ணா. ஒருத்தங்க வர்றாங்க. தளம் வழியா வந்தவங்க."

வாசலில் சத்தம் கேட்டது. டக், டொக். டக், டொக். பல் டாக்டர் உள்ளே வந்தார். உயரமானவர், சிரித்த முகம், நாற்காலியைப் பார்த்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். ஜோடியக்கா அவரையும் மாப்பிள்ளையையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து, நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். ர-வையும் சொன்னாள், பரதத்தையும் சொன்னாள்.

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "தங்கச்சி, இது கணக்குல வராது," என்றார். "செருப்பைத் தேடி ஒரு ஆள் வரணும்னுதான் பேச்சு. இவங்க தேடினது நாட்டியம். வழி தப்பி வந்தவங்களை வச்சு ஜெயிச்சேன்னு சொல்ல முடியுமா?"

ஜோடியக்கா பதில் தேடுவதற்குள் பல் டாக்டர் திரும்பினார். "மன்னிக்கணும் சார். நான் தேடினது பரதம். கிடைச்சது பாதம். எனக்கு எது வேணும்னு நான்தானே சொல்லணும்? இத்தனை வருஷமா ரெண்டு அளவுல ரெண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு செருப்பைத் தூக்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன். அதுல பாதி உங்க கிடங்குல வாங்கினதுதான்."

மாப்பிள்ளைக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "இருங்க, இருங்க," என்று தன் போனை எடுத்தார். "நானே தேடறேன். ரெண்டு கால், ரெண்டு அளவு, காலணி." மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அமுக்கினார். திரையைப் பார்த்தார். பிறகு போனை மாமியார் பக்கம் திருப்பினார்.

மாமியார் புதுக் கண்ணாடி வழியாக முதல் முறையாகத் தன் மருமகளின் தளத்தைப் படித்தார். எழுத்துக்கூட்டி, விரலை வைத்து. "ஜோடியக்கா கா...ல...ணிகள்," என்றார். "கால் இருக்கு. எல்லாத்துக்கும் இருக்கு." மருமகளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார், அறுவை செய்யாத கண்ணை. "மாப்பிள்ளை, உங்க மெஷினுக்கு வேற இடம் பாத்துக்குங்க. இந்த ரூம்ல எங்களுக்கு வேலை இருக்கு."

"எங்களுக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா. நான்தான் தப்புப் பாக்கறேன்."

மாப்பிள்ளை நாடாவைப் பையில் போட்டார். தோற்றாலும் மனுஷன் கௌரவமானவர். வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவர் உண்மையிலேயே திறக்கவில்லை, நாற்காலியைத் தள்ளி நடப்பதற்கு இடம் மட்டும் விட்டார்.

ஜோடியக்கா கீழே உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டாள். வாரை இழுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவினாள். எங்கேயும் விரல் நிற்கவில்லை. "எழுந்து நடங்க," என்றாள்.

பல் டாக்டர் நாற்காலியின் முதுகில் இருந்து கையை எடுத்தார். மாமியார் புதுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதை மட்டும் அந்தப் பக்கம் சாய்த்தார்.

டக். டக். டக். டக். அறையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை, திரும்பி, அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிவரை.

பல் டாக்டர் நின்றுவிட்டார். தன் நடையைத் தானே முதல் தடவை கேட்கிறவர் போல நின்றார். பிறகு, யாரும் கேட்காமலே, இடது காலைத் தூக்கி ஓங்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். வலது காலால் இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

"இப்பத்தாம்மா சரியா வாசிக்குது," என்றார் மாமியார்.